அட்மின் அழித்த செய்தி

அரிசி இன்னும் நறநறவென்றுதான் இருந்தது. இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு வசந்தாமணி இன்னொரு கை தண்ணீர் தெளித்தாள், ஆனால் கண் கிரைண்டரில் இல்லை, மேடையில் சம்படத்தின் மேல் சாய்த்து வைத்திருந்த போனில் இருந்தது. அவள் எழுதிய செய்தி இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி, அட்மின் இதை நீக்கிவிட்டார் என்று. காலையில் ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதையே மறுபடி போட்டபோது ஒரு தடவை. இரண்டு தடவையும் அழித்த அட்மின் இந்த வீட்டு மொட்டை மாடியில்தான் உட்கார்ந்திருந்தார், அவள் கையால் பரிமாறிய ரசத்தைக் குடித்து இன்னும் ஏப்பம்கூட விட்டிருக்க மாட்டார். அழிக்கட்டும், நன்றாக அழிக்கட்டும். முப்பத்திரண்டு வருஷம் ஒரே குக்கரில் சாப்பிட்ட மனுஷன், ‘ஆதாரம் இல்லாத செய்திகளைப் பகிர வேண்டாம் மேடம்’ என்று எழுதுகிறார். மேடமாம். அந்த மேடம் என்ற சொல்லைப் பார்த்ததும் எப்போதும் வருகிற அந்தச் சின்னச் சந்தோஷம் இன்றைக்கும் தன் வாயோரத்துக்கு வரப் பார்த்ததுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. வெட்கங்கெட்ட வாய். அவள் மாவை வழித்து நடுவில் தள்ளினாள்.

‘கோவைக் கிளிக்கூட்டம்’ என்ற அந்த வாட்ஸப் குழுவில் குழந்தைவேலுவும் வசந்தாமணியும் புருஷன் பெண்சாதி என்று யாருக்கும் தெரியாது. மறைக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததில்லை. அவர் குழுவை ஆரம்பித்த புதிதில், மகள் சுகன்யா பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, அம்மாவின் போனையும் அதில் சேர்த்துவிட்டுப் பெயரை ‘வசந்தா சூலூர்’ என்று போட்டுவிட்டாள், பிறந்த ஊரை அடைமொழியாக வைத்தால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று. படத்துக்கு ஒரு சூரியகாந்திப் பூ. மறுநாள் வசந்தாமணி சும்மா ஒரு சந்தேகம் கேட்டாள், காக்டெயில் குருவி தலையை ஒரு பக்கமாகவே சாய்த்துக்கொண்டிருக்கிறது, எதனால் இருக்கும் என்று. அதே சந்தேகத்தை முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் குனிந்திருந்த மனுஷனிடம் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ‘ம்’. குழுவிலோ அரைப் பக்கம் எழுதினார். வணக்கம் மேடம், தாங்கள் கேட்டது நல்ல கேள்வி, முதலில் காதுப் பக்கம் பாருங்கள் மேடம், பயப்பட வேண்டாம் மேடம். சமையலறையில் நின்று அதைப் படித்தபோது அவளுக்குக் கழுத்து வரைக்கும் சூடாகிவிட்டது. பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு பேசியதில்லை. அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. வீட்டில் ‘ம்’, குழுவில் மேடம். அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. குழுவுக்கு மாடியில் தீனி மூட்டை பிரிக்கிற நாளில் தூக்குவாளியோடு வருகிறவர்களுக்கு அவள் மோர் கொடுப்பாள், அவர்கள் மோரைக் குடித்துக்கொண்டே அந்தச் சூலூர் அம்மா மட்டும் ஒரு நாளும் வரக் காணோமே, யாரை அனுப்பி வாங்குகிறார்களோ என்று பேசிக்கொள்வார்கள். குழந்தைவேலு தராசு முள்ளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவர் காது மட்டும் சிவந்திருக்கும். இதையெல்லாம் இப்போது நினைத்துச் சிரிக்கக்கூடாது, இப்போது சண்டை.

மூட்டை. அங்கேதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. சில்லறையில் தீனி வாங்கினால் கட்டுப்படியாகாது என்று குழுவுக்கே சேர்த்து ஒரு பெரிய மூட்டையாக வாங்கி, இந்த மாடியில் பிரித்து, ஆளாளுக்கு எடை போட்டுக் கொடுப்பது அவர் கண்டுபிடித்த ஏற்பாடு. அதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. புது மூட்டையை அப்படியே கொடுக்க மாட்டார். திடீரென்று மாற்றினால் குருவி அடம்பிடிக்கும், ரெண்டு நாள் பட்டினி கிடக்கும் என்று பழைய மூட்டையின் மிச்சத்தைத் தார்ப்பாயில் கொட்டி, புதுசையும் கொட்டி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டிபோட்டு, இரண்டு கையாலும் கிளறிக் கலப்பார். தினை, கம்பு, சூரியகாந்தி விதை, குசும்பா விதை, எல்லாம் சரசரவென்று மணல் மாதிரி ஓடும். வெயில் பட்டு முதுகு வேர்த்திருக்கும். அந்த முதுகைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும், அதைச் சாக்காக வைத்துத்தான் தண்ணீர் கொண்டுபோவாள். போன தடவையும் கொண்டுபோனாள். மண்டிக்கடைக்காரர் மகனல்லவா, நாக்கு சொல்லிவிடும் என்று எப்போதும் போல ஒரு கைப்பிடி விதையை வாயில் போட்டு மென்றார், மென்றுவிட்டு லேசாக முகத்தைச் சுளித்தார். ஏனுங்க என்று கேட்டாள். ஒண்ணுமில்ல, மழைக்கால வாசம் என்றார். மழைக்கால வாசம். அவள் அதை அப்போதே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவரும்தான். ஆனால் வாசலில் அதற்குள் நாலு பேர் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவளும் மோர் கலக்கக் கீழே இறங்கிவிட்டாள்.

காலையில் சுகன்யா அனுப்பியது ஒரு அறிவிப்பின் படம். தீனிக் கம்பெனிக்காரனே போட்டது. குறிப்பிட்ட ஒரு எண்ணுள்ள மூட்டைகளில் பூஞ்சை நஞ்சு இருப்பது தெரியவந்திருக்கிறது, பறவைகளுக்குக் கொடுக்க வேண்டாம், வாங்கிய இடத்திலேயே திருப்பித் தரவும். உங்க மாடி மூட்டை இதானாம்மா என்று கேட்டிருந்தாள். காலிச் சாக்கை அவர் எப்போதும் வெட்டிக் கூண்டுக்கு அடியில் விரித்துவிடுவார். வசந்தாமணி போய் அந்தச் சாக்கை இழுத்து, குருவி எச்சத்தை நகத்தால் சுரண்டி எடுத்துப் பார்த்தாள். அதே எண். ஒவ்வொரு இலக்கமாக இரண்டு தடவை பார்த்தாள். அவர் குளித்துக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வருகிற வரைக்கும் பொறுத்திருக்கலாம், அங்கேதான் அவள் அவசரப்பட்டுவிட்டாள். ஆனால் நேற்று முன்தினம் பிரேமலதா எழுதியதை அவளால் மறக்க முடியவில்லை. பிரேமலதா வடவள்ளியில் தனியாக இருக்கிறவள், ஒரு ஜோடி லவ்பேர்ட்ஸ் தவிர அந்த வீட்டில் பேச்சுக்கு ஆள் கிடையாது. அதில் ஒன்று கூண்டுத் தரையில் செத்துக் கிடந்தது, நேற்றுவரை நன்றாகத் தின்றதே என்று எழுதியிருந்தாள். எல்லோரும் கும்பிடுகிற கையைப் போட்டார்கள். வசந்தாமணியும் போட்டாள். நேற்றுவரை நன்றாகத் தின்றதே. நன்றாகத் தின்றதால்தான் தாயி. தலையில் துண்டோடு அவர் குளியலறையை விட்டு வருவதற்குள் அவள் படத்தைக் குழுவில் போட்டுவிட்டாள், மூட்டை எண்ணோடு. அவர் போனை எடுத்தார், பார்த்தார், மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சாம்பல் வரி வந்தது. இட்லி ஆறிப்போச்சு வாங்க என்று கூப்பிட்டதற்கு வந்து சாப்பிட்டார், சட்னியில் உப்பு சரியாயிருக்கு என்று கேட்காமலே சொன்னார். அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பயந்தால்தான் அவர் சட்னியைப் பாராட்டுவார்.

போன் அதிர்ந்தது, சம்படம் கடகடவென்று ஆடியது. கூண்டுக்கடை ராஜ்மோகன். இவனுக்கு வேறு வேலையே இல்லை. ‘யாரோ வேண்டாதவன் கெளப்பி விட்டது, இந்தப் படமெல்லாம் நானே ரெண்டு நிமிசத்துல செய்வேன்.’ அதற்கு மேலே யாரோ ஒருத்தர், போன வருஷம் கம்பு கொடுத்தால் கிளிக்குக் கண் போய்விடும் என்று ஒரு செய்தி வந்ததே, அதை நம்பி நாம் பட்ட பாடு போதாதா என்று எழுதியிருந்தார். நியாயம்தான், அதற்குப் பிறகுதான் குழந்தைவேலு இந்த ஆதாரச் சட்டத்தையே கொண்டுவந்தார். அதற்கும் மேலே, அந்தம்மா சொன்னதில் என்ன தப்பு, விசாரிக்கட்டுமே என்று ஒரு நல்ல மனுஷன். அவனை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி ராஜ்மோகன். ‘சூலூர்ல உக்காந்துட்டு இங்க வந்து மூட்டைகூட வாங்காத அம்மா, அட்மின் கையால குடுத்த தீனியச் சந்தேகப்படறாங்க. அட்மின், இவங்கள குரூப்ல இருந்து தூக்குங்க.’ கீழே கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன, அவள் கொடுத்த மோரைக் குடித்தவர்களின் கட்டைவிரல்கள். நடுவில், யார் கண்ணிலும் படாமல், பிரேமலதா கேட்டிருந்தாள், ‘இருக்கற ஒண்ணுக்கு நான் பொழுதோட தீனி வெக்கலாமா வேண்டாமாங்க? யாராச்சும் சொல்லுங்க.’ யாரும் சொல்லவில்லை. வசந்தாமணி சுண்டு விரலால், அந்த விரலில்தான் மாவு கம்மி, அவளுக்குத் தனியாக எழுதினாள், வெக்காதீங்க என்று. பதில் உடனே வந்தது. ‘அட்மின் சார் வேண்டாம்னு சொல்லலீங்களே மேடம். அவர் சொன்னாத் தப்பா இருக்காதுங்க.’

அதைப் படித்ததும் அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எவ்வளவு நம்பிக்கை. இந்த மனுஷனை ஊரே நம்புகிறது, பம்ப் கம்பெனியில் ஓய்வு பெற்ற அன்றைக்கு யாரும் ஒரு மாலைகூட ஒழுங்காக வாங்கிப் போடவில்லை, கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தார், அதற்கப்புறம் ஒரு வருஷம் ஈசிச் சேரில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். சுகன்யா ஒரு ஜோடி குருவி வாங்கிக்கொடுத்த பிறகுதான் மனுஷன் எழுந்து நடந்தார், குருவிக்காகப் படித்தார், குழு ஆரம்பித்தார், நாற்பது வீட்டுக்காரர்கள் சார் சார் என்றார்கள். இப்போது அந்த நாற்பது வீட்டுக்கும் நஞ்சைப் பிரித்துக் கொடுத்தது அவருடைய இரண்டு கை. செய்தி பொய்யென்று நினைத்து அவர் அழிக்கவில்லை. அவர் நாக்குக்கு அன்றைக்கே தெரியும். மத்தியானம் அவள் துணி காயப்போடப் போனபோது, டப்பாவில் மிச்சமிருந்ததை ஒவ்வொரு விதையாக எடுத்து முன்பல்லால் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். அட கிறுக்கு மனுஷா, அது உங்களுக்கும் ஆகாதுல்ல என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். இந்த வீட்டுக் குருவிகள் முன்னால் வெறும் கொத்தமல்லித் தழையும் கேரட்டும் கிடந்தன. தன் குருவிக்கு மட்டும் நிறுத்திவிட்டாரே, அப்புறம் மற்ற வீட்டுக் குருவிகள் என்ன பாவம் செய்தன என்று அவளுக்குச் சுர்ரென்று வந்தது. கேட்கவும் வாயெடுத்தாள். அவர் உதட்டில் ஒரு தினை உமி ஒட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டாள்.

வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி அடுப்பு மேடைக்கு வந்துவிட்டது. இதுதான் பொழுதோட, சாயங்காலத்தில், கூண்டுக்குக் கூண்டு கிண்ணம் நிரப்புகிற நேரம். பீளமேட்டில், வடவள்ளியில், துடியலூரில், போத்தனூரில், யாராவது ஒருத்தர் இப்போது டப்பாவைத் திறந்துகொண்டிருப்பார். அவள் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், எல்லோரும் நம்பிவிடுவார்கள். சாக்கு என் கையில் இருக்கிறது, நான் அட்மின் வீட்டுக்காரி, கலந்தது அவர்தான். ராஜ்மோகனின் வாய் அதோடு அடைபடும். அடைபட்டு, அப்புறம் அவர் பக்கம் திறக்கும். எப்படித் திறக்கும் என்று அவளுக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். தெரிந்தே கொடுத்தாயா, தெரிந்தே அழித்தாயா. அவர் மறுபடி ஈசிச் சேருக்குப் போய்விடுவார். சுவர் அங்கேயேதான் இருக்கிறது. மாடிக்குப் போய் நேராகச் சொல்லலாம், ஏனுங்க, எழுதுங்க என்று. சொன்னால் ‘ம்’ என்பார், எழுத மாட்டார், இந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் நடக்கிறது, முக்கியமானதெல்லாம் குழுவில்தான். பிரேமலதா டப்பாவைத் திறக்கிறாள். அவளை வசந்தாமணி பார்த்ததுகூட இல்லை, பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன்தான் வந்து வாங்கிப் போவான், ஆனாலும் அவள் கை எப்படி இருக்கும் என்று தெரிந்தது, தனியாக இருக்கிறவர்களின் கை, எதையும் மெதுவாகச் செய்கிற கை. அரிசி வெண்ணெயாக அரைபட்டுவிட்டது, இனி ஓடினால் மாவு சூடாகிப் புளித்துப்போகும். வசந்தாமணி கிரைண்டரை நிறுத்தினாள். வீடு திடீரென்று காலியானது போல் இருந்தது. முந்தானையில் விரல் நுனியை மட்டும் துடைத்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் எழுதினாள், யோசித்தால் எழுத முடியாது என்று யோசிக்காமல் எழுதினாள். ‘நான் அட்மின் குழந்தைவேலு சாரோட சம்சாரம். சூலூர் என் பொறந்த ஊரு. மூட்டையக் கலந்து பிரிச்சது நான்தான். வாசம் வந்தது, நான்தான் அவர்கிட்டச் சொல்லலை. சாக்குல அதே எண் இருக்குது. தயவுசெஞ்சு பொழுதோட யாரும் தீனி வெக்காதீங்க. திட்டறதுன்னா என்னையத் திட்டுங்க.’ அனுப்பினாள். இருபது வருஷம் முன்னால் சுகன்யாவுக்காகப் பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னதற்கப்புறம் இவ்வளவு முழுசாக அவள் ஒரு பொய்யும் சொன்னதில்லை. செய்தி இருந்தது. இருந்தது. பிறகு சாம்பல் வரி வந்தது.

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். போச்சு. இதையும் அழித்துவிட்டார். முதல் முறையாக அவளுக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை, ஒரு மாதிரிக் குளிர்ந்துபோய் இருந்தது. இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷன் இவ்வளவுதானா என்று ஒரு நினைப்பு வந்து நின்றது, அதைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது. அந்த நினைப்பைப் போகச் சொல்லவும் முடியவில்லை. அப்போதுதான் மாடியிலிருந்து அவர் பேசுகிற சத்தம் கேட்டது. தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். கிரைண்டர் ஓடியிருந்தால் கேட்டிருக்காது. ஒரு வார்த்தையும் புரியவில்லை, தொண்டையைச் செருமிச் செருமிப் பேசுவது மட்டும் தெரிந்தது, குருவியிடம் பேசுகிறாரா, போனில் யாரிடமாவதா என்று அவள் தலையைத் தூக்குவதற்குள் சத்தம் நின்றுவிட்டது, கையிலிருந்த போன் அதிர்ந்தது. குழுவில் அட்மினின் குரல் பதிவு. அவர் எழுதுவாரே தவிரக் குரல் போட்டதே கிடையாது. அவள் அழுத்தினாள்.

“வணக்கமுங்க. குழந்தைவேலு பேசறேன். இப்ப நான் அழிச்சனே, அதுல ஒண்ணு மட்டும் பொய்யிங்க. கலந்தது நான். எங்க வூட்டுக்காரி அந்த மூட்டையத் தொட்டதுகூட இல்ல. அன்னைக்கே எனக்கு வாயில தெரிஞ்சுதுங்க, மழை வாசம்னு விட்டுட்டேன். காலைல இருந்து அவ சொன்னது பூராம் நெசம், நான் பயந்துட்டு அழிச்சுப் போட்டேன். பொழுதோட யாரும் தீனி வெக்காதீங்க. பிரேமலதாம்மா, நீங்களும் வெக்காதீங்க. மிச்சம் இருக்கறத எடுத்துட்டு வாங்க, வர முடியாதவங்க வூட்டுக்கு நானே வந்து வாங்கிக்கறேன். அவளைய யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.” அவ்வளவுதான். கடைசியில் ஒரு காக்டெயில் கத்தியது, அதோடு முடிந்தது. வசந்தாமணி மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டாள். வீட்டில் இத்தனை வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசியது இவ்வளவு கிடையாது. கண் நிறைந்து எதிரே இருக்கிற மாவு தெரியவில்லை. போனில் முதலில் வந்தது பிரேமலதாதான். ‘சரிங்க சார். கிண்ணத்த எடுத்துட்டேன்.’ அதற்குக் கீழே ராஜ்மோகன் எதையோ எழுதிக்கொண்டிருந்தான், இன்னும் நாலைந்து பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள், அவள் அதைப் பார்க்க நிற்காமல் மாவுக் கையோடு மாடிப்படி ஏறினாள்.

கூண்டுகளுக்கு நடுவே ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். போனைத் தரையில் வைத்து அதன் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார், அடியில் அது விடாமல் அதிர்ந்து துண்டு நகர்ந்துகொண்டிருந்தது. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டாள், கைலியில் மாவு ஒட்டியது. அவர் கை வந்து அவள் உச்சந்தலையில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தது. இந்த மனுஷனை இந்த நிமிஷம் எவ்வளவு பிடிக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்கிற வழக்கமும் கிடையாது.

“ரொம்பத் திட்டறாங்களா கண்ணு?” என்றார்.

அவள் இடுப்பில் செருகியிருந்த போனும் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் திருப்பித் தரையில் வைத்தாள்.

“இல்லீங்க. ஒருத்தரையும் காணம். எல்லாரும் கிண்ணத்த எடுத்துட்டு இருப்பாங்க.”